மெது

பகலில் தியத்தலாவை ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிறேன்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
இரவில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்,
மூச்சே இல்லாத ஒன்றின் விலாவில் துரு தேடுகிறேன்.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், அறுபத்தேழாம் வருஷத்து வண்டி.
இரண்டு பேர்தான் உட்காரலாம்.
சீட்டுப் பணம் கைமாறிய அன்றைக்கு
"நாம நாலு பேர்" என்றார் சகாயராஜ்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சண்டை பிடித்திருக்கலாம்.

வாங்கப் போனபோது அதில் ஒரு கோழி அடை கிடந்தது.
பொரிக்கட்டும், அப்புறம் எடுங்க என்றார் விற்றவர்.
பதினொரு நாள் பொறுத்தேன். ஏழு குஞ்சு.
டிரைவர் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்
இன்னும் கிடக்கின்றன முட்டை ஓடுகள்.

அப்புத்தளையில் பெயின்ட் அடிக்க
மூடுபனியிடம்தான் நாள் குறிக்க வேண்டும்.
பத்து மணிக்கு எதிர்மலை தெரிந்தால்
பன்னிரண்டுக்குள் துப்பாக்கியைக் கழுவி வைத்துவிட வேண்டும்.
அதற்குமேல் பள்ளத்திலிருந்து ஏறி வரும்,
கதவிடுக்கில் நுழைந்து
காயாத சிவப்பின்மேல் பால் பூத்துவிட்டுப் போகும்.
மூன்று தடவை சுரண்டினேன்.
நான்காம் தடவை பூத்ததை அப்படியே விட்டிருக்கிறேன்,
இடது கதவின் கீழே, உள்ளங்கை அளவு.
தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள்.

கார்ப்பெட்டை உரித்த இரவு
இடப்பக்கக் கால்தரையில் எழுத்து இருந்தது.
எந்தக் காலத்திலோ, எவரோ
வீதிப் பலகை ஒன்றை வெட்டி ஓட்டைக்கு ஒட்டியிருந்தார்கள்.
மஞ்சளில் கறுப்பாக "மெது" மட்டும் மிச்சம்.
"-வாகச் செல்லவும் எங்கம்மா?" என்றாள் ஜெனிட்டா.
எங்கோ ஒரு வளைவில் அந்த மீதி இல்லாமல்
எத்தனை பேர் வேகமாகப் போனார்களோ.
மற்றத் தரையெல்லாம் புதுத் தகடு.
அதை மட்டும் துடைத்து, வார்னிஷ் பூசினேன்.

எஞ்சின் பண்டாரவளையில், ஃபலீலின் பட்டறையில்,
ஏழு பெட்டிகளில் இருக்கிறது.
பிஸ்டன் ரிங் வரட்டும் என்கிறார்.
பிரேக் முடிந்துவிட்டது.
அந்த ஞாயிறு மாலை கரன்ட் போனது.
கொட்டகையில் வேலை செய்ய வெளிச்சம் இல்லை,
வெளியே இருந்தது.
"எஞ்சின் இல்லாம எப்படி?" என்றார்.
நான் பள்ளத்தைக் காட்டினேன்.
இந்த ஊரில் பாதி வழிக்கு எஞ்சின் எதற்கு?

ஜெனிட்டாவும் அருளனும் தள்ளினார்கள்.
இடது சீட்டு இன்னும் தைத்து வரவில்லை.
உருளைக்கிழங்கு சாக்கை மடித்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்தார், மடியில் கையை வைத்துக்கொண்டு,
தேவாலயத்தில் போல.

சத்தமே இல்லை.
ஈரத் தாரில் டயர் நக்கும் ஒலி,
எனக்குக் கீழே ஓடுகளின் கிலுகிலு.
தேயிலை எங்கள் தோளுயரத்தில் ஓடியது.
நாய் ஒன்று நாங்கள் கடந்த பிறகுதான் குரைத்தது.
முதல் வளைவு.
இரண்டாவதில் குடையோடு ஒருவர், நடுவீதியில், முதுகு காட்டி.
ஹோர்ன் பூட்டவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது.

"பாம்! பாம்!" என்றார் சகாயராஜ்.
இரண்டு வருஷம் இந்த வண்டியைப் பற்றி வாய் திறக்காதவர்
வாயையே ஹோர்னாக்கி, "பாம்! ஒதுங்குங்க! பாம்!"
குடை வேலிக்குள் பாய்ந்தது.
அவர் வலது கால் தரையில் குத்திட்டு நின்றது,
அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தி,
"மெது"வின்மேல்
முழுப் பலத்தோடு.

பாலத்தடியில் நின்றோம். பிரேக் பிடித்தது.
இருவரும் இறங்கவில்லை.
பனி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது, மூன்றாம் ஆளாக.

கோவா ஏற்றிய லொறி ஒன்று நின்றது.
டிரைவர் விமலசேன, உதவலாமென்று,
முன்மூடியை முழுசாகத் தூக்கினார்.
வெறும் தரை. ஈரத் தார். ஒரு தவளை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எஞ்சின் எங்க?"

"பண்டாரவளையில" என்றார் சகாயராஜ்
எனக்கு முந்தி,
"பிஸ்டன் ரிங் வரணும். வந்துரும்."